கோயில்காட்டை ஊர்க்காரர்களே பராமரிக்க முடியுமா? வெளி அமைப்புகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

முடியும். நாங்கள் ஆறு வருடமாகச் செய்கிறோம். ஆனால் மரம் நடுவதுதான் வேலை என்று நினைத்துக் கேட்கிறீர்கள் என்றால், அது கடைசி வேலை. பல இடங்களில் வேண்டாத வேலை.

எங்கள் ஊர் மரக்காணம் பக்கம். அய்யனார் கோயிலைச் சுற்றி ஏழு ஏக்கர் காடு: காசா, வீரை, உலக்கைப்பாலை. வருடத்தில் பல மாதம் மழை இல்லாத இந்தக் கடற்கரையிலும் வருடம் முழுக்கப் பச்சை மாறாத காட்டுவகை. முதல் வருடம் ஆர்வக்கோளாறில் நகரத்திலிருந்து ஓர் அமைப்பை அழைத்தோம். பேனர், தொப்பி சகிதம் வந்தார்கள். 'புதரைச் சுத்தம் செய்து' ஒரே காலையில் முந்நூறு குழி வெட்டி, குல்மோகரும் புங்கனும் நட்டு, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் பூசாரி பெரியப்பா வெட்டிப் போட்ட குவியலிலிருந்து ஒரு கொம்பை உருவிக் காட்டினார். இடுப்புயர வீரைக் கன்று. "இது இவ்வளவு வர எத்தனை வருசம்டா ஆகும்?" என்றார். புதர் என்று வெட்டியதில் பாதி, அடுத்த தலைமுறை மரங்கள். நட்டதில் ஒன்றுகூட அடுத்த சித்திரையைத் தாண்டவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அப்புறம் ஊர்க்கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்தோம். யார் வந்தாலும் முதல் நாள் கையில் கத்தி கிடையாது. நூறு நாள் வேலைக்குப் போகும் எங்கள் ஊர் அக்காக்களோடு நடந்து செடிகளை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரித் தாவரவியல் மாணவர்கள் ஒத்துக்கொண்டார்கள், இன்னும் வருகிறார்கள்.

அவர்களால் எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம், காட்டுக்குள் பரவும் களையான உண்ணிச்செடி (லண்டானா) விஷயம். நாங்கள் வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தோம். கிளறிய மண்ணில் கிடந்த விதையெல்லாம் அடுத்த மழைக்கு முளைத்தது. மாணவர்கள் சொன்ன, டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினரின் முறை வேறு. காய் பிடிப்பதற்கு முன்பே, ஆணிவேரை மண்ணுக்குள் ஓரிரு அங்குலம் கீழே வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். அதோடு முடியாது. கொண்டைக்குருவியும் மைனாவும் உட்காரும் மரத்தடியில் எச்சத்திலிருந்து முளைக்கும் கன்றுகளை இரண்டு வருடமாவது பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்குத்தான் ஆள் வராது.

காகிதத்தையும் பாருங்கள். நிலம் கோயில் பேரிலா, புறம்போக்கா, வனத்துறையா என்று தெரியாமல் கத்தி எடுக்காதீர்கள். 2002ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். வெளி அமைப்புகள் அதன் வழியாக வந்தால், நாளைக்குச் சண்டை வந்தாலும் காடு ஊர் கையில் இருக்கும். சின்னக் காடுதானே என்று விட்டுவிடாதீர்கள். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காடு 4.97 ஹெக்டேர்தான், 2025இல் அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

இப்போதெல்லாம் உதவுகிறோம் என்று யாராவது அழைத்தால் நான் கேட்பது ஒன்றே: "ரெண்டு வருசம் களை எடுக்க ஆள் அனுப்புவீங்களா?" பெரும்பாலானவர்கள் கலந்துபேசிச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிடுகிறார்கள்.