படுக்கையில் இருக்கும் பெரியவருக்கு டயப்பர் போடும் இடமெல்லாம் சிவந்து தோல் உரிகிறது. பவுடர், ஆன்டிசெப்டிக் எல்லாம் போட்டும் குறையவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் அந்தப் பவுடரையும் ஆன்டிசெப்டிக்கையும் நிறுத்துங்கள். ஈரம் பட்ட பவுடர் கட்டிகட்டியாகி, தொடை இடுக்கில் மணல் போல உரசும். ஆன்டிசெப்டிக் திரவம் ஏற்கெனவே உரிந்த தோலை இன்னும் எரிக்கும். இந்த இரண்டையும் விட்டாலே எரிச்சல் ஓரளவு அடங்கலாம்.

டயப்பரின் ஈரம் மட்டும் இதற்குக் காரணமில்லை. தோலின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத்தன்மையோடு, பிஎச் (அமில-கார அளவு) 5-ஐ ஒட்டி இருக்கும். சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்றும்போது தோலின் பிஎச் காரப் பக்கம் ஏறிவிடுகிறது. மலத்தில் இருக்கும் செரிமான நொதிகள் காரச் சூழலில்தான் வீரியம் பெறும். கொழுப்பையும் புரதத்தையும் சிதைப்பது போலவே தோலையும் அரிக்கும். அதனால் சிறுநீரும் மலமும் சேர்ந்து கிடப்பதுதான் மோசம், அதிலும் தண்ணீராகப் போகும் மலம் மிக மோசம். சிறுநீர் மட்டும் என்றால் 2 முதல் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து, நனைந்திருந்தால் மாற்றினால் போதும். மலம் போயிருந்தால் நடு இரவானாலும் உடனே மாற்றியாக வேண்டும்.

களிம்பு வாங்குவதற்கு முன் புண் எந்த வகை என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மடிப்புகளை விரல்களால் விலக்கிப் பார்க்க வேண்டும். பிட்டம், உள்தொடை என ஈரம் படும் இடமெங்கும் விளிம்பு தெரியாமல் பரவிய சிவப்பு என்றால் அது ஈரத்தால் வந்த அழற்சி. மடிப்பின் ஆழத்திலும் அடர்சிவப்பாக இருந்து, சுற்றிலும் குட்டிக் குட்டியாகப் பருக்களோ சீழ்ப்புள்ளிகளோ சிதறியிருந்தால் பூஞ்சை சேர்ந்துவிட்டது. முதுகின் அடியில் எலும்பு துருத்தும் இடத்தில், தெளிவான விளிம்போடு, குழியாகவோ கருத்தோ இருந்தால் அது படுக்கைப் புண். அதற்கு அழுத்தத்தைக் குறைக்கும் வேறு சிகிச்சை தேவை. கருமையான தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ ஊதாவாகவோ தெரிகிறதா, தொட்டால் சூடாக இருக்கிறதா, மேல்தோல் உரிகிறதா என்று கவனியுங்கள்.

கழுவும் விதத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. சோப்புக்கட்டி காரத்தன்மை உள்ளது, ஒவ்வொரு முறையும் அதைப் போட்டுத் தேய்ப்பது புண்ணை வளர்க்கும். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான துணியும் போதும். மலம் ஒட்டியிருந்தால் வாசனை இல்லாத, தோலின் பிஎச்-க்கு ஏற்ற திரவ கிளென்சர் பயன்படுத்தலாம். முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், மடிப்புகளுக்குள்ளும் ஒற்றுங்கள். அடியில் ஒரு விரிப்பைப் போட்டு 10, 15 நிமிடம் காற்றாட விடுவது நல்லது. ஹேர் டிரையர் வேண்டாம், உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு பட்டது தெரியாது.

தோல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் காப்புக் களிம்பு. சிவப்பு மட்டும் இருந்தால் பெட்ரோலியம் ஜெல்லியோ டிமெதிகோன் (சிலிக்கோன் வகை) கிரீமோ மெல்லிய பூச்சாகப் போதும். நிறையப் பூசினால் அது டயப்பரில் ஒட்டி, உறிஞ்சும் பரப்பை அடைத்துவிடும். ஈரம் தோல்மேலேயே நிற்கும். தோல் உரிந்து கசிந்தால் ஜிங்க் ஆக்சைடு உள்ள கெட்டியான பசைதான் நிற்கும். அதை ஒவ்வொரு தடவையும் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுகிறார்கள், அது வேண்டவே வேண்டாம். மலம் பட்ட மேல் அடுக்கை மட்டும் மினரல் ஆயில் நனைத்த பஞ்சால் வழித்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை அடுக்கை அப்படியே விட்டு, அதன்மேல் புதுப் பூச்சு போடுங்கள்.

பூஞ்சை இருந்தால் 1% குளோட்ரிமசோல் கிரீமை ஒரு நாளைக்கு இரண்டு முறை, புண்ணைச் சற்றுத் தாண்டியும் மெல்லியதாகத் தடவி, சில நிமிடம் ஊறிய பிறகு காப்புக் களிம்பைப் பூசுங்கள். வரிசை மாறினால் மருந்து தோலைச் சேராது. பொதுவாக இரண்டு வாரமாவது தொடர வேண்டும், சிவப்பு மறைந்த அன்றே நிறுத்தினால் திரும்ப வரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு மைக்கோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை கிரீமை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். வார்ஃபரினின் வேலை கூடிப்போய் ரத்தக் கசிவு வரலாம்.

ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த கிரீமை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். டயப்பர் மூடிய இடத்தில் ஸ்டீராய்டு பல மடங்கு உள்ளே இறங்கும். இரண்டு நாள் சிவப்பு அடங்கியது போலத் தெரியும், அடியில் பூஞ்சை பரவும், தோல் மெலிந்து வரிவரியாகிவிடும். அழற்சி கடுமையாக இருந்தால் மருத்துவரே 1% ஹைட்ரோகார்ட்டிசோன் போன்ற வீரியம் குறைந்த ஸ்டீராய்டு ஒன்றைச் சில நாளுக்குத் தருவார்.

டயப்பர் இடுப்பளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் கசியும் என்று இறுக்கி ஒட்டுவார்கள், தொடையில் விளிம்பு அறுக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போடுவதும் வெப்பத்தைக் கூட்டும். பகலில் படுத்திருக்கும் நேரத்தில் டயப்பர் இல்லாமல் உறிஞ்சும் விரிப்பில் விட்டால் இன்னும் சீக்கிரம் ஆறும்.

அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் கொடுப்பதைக் குறைத்துவிடாதீர்கள். சிறுநீர் அடர்ந்து எரிச்சல் கூடும், மலமும் கட்டும். மலம் இறுகி அடைத்திருக்கும்போது அதைச் சுற்றித் தண்ணீர் மட்டும் கசியும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை கொடுத்தால் அடைப்பு அதிகமாகும். பேதி நிற்கவில்லை என்றால் மலமிளக்கி, ஆன்டிபயாடிக், குழாய் வழி உணவு இவற்றில் எது காரணம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதைச் சரிசெய்யாமல் எந்தக் களிம்பும் நிற்காது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தால் அதையும் சொல்லுங்கள்.

இப்படிச் செய்தால் 2, 3 நாளில் எரிச்சல் குறையத் தொடங்க வேண்டும். குறையவில்லை, கொப்புளம், சீழ், காய்ச்சல், ரத்தக் கசிவு என்றால் நேரில் காட்டுங்கள். பார்க்கச் சின்னதாக இருந்தும் வலி தாங்க முடியாமல் இருப்பது, வேகமாக வீங்குவது, தோல் கருத்து நாற்றம் அடிப்பது ஆகியவை, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிக்கு, தசையை அழிக்கும் தொற்றாக இருக்கலாம். காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.