கலர் இட்லிக்குப் பொடி வேண்டாம், பொருட்காட்சிக்குப் பயமும் வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 4 வயது, எடை 14.5 கிலோ. வீட்டில் இட்லியோ சாதமோ இரண்டு வாய்க்கு மேல் வாங்க மாட்டாள். வெளியே போனால் கண்ணில் படுவதெல்லாம் வேண்டும் என்று அடம். எங்கள் குடியிருப்பில் ‘நியூட்ரிஷன் கோச்’ என்று ஒருவர் இருக்கிறார். எடை குறைவு என்று சொல்லி ஒரு பவுடரும், இட்லி மாவில் கலக்க ‘இயற்கை நிறப் பொடி’யும் வாங்கச் சொல்கிறார். பொங்கல் விடுமுறைக்குத் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போகிறோம், தம்பியின் 2 வயது மகனும் வருகிறான். வீட்டுச் சாப்பாட்டை எப்படி ஆசையாகச் சாப்பிட வைப்பது? வெளியே எதை வாங்கித் தரலாம்? (சென்னை வாசகி)

பதில்: முதலில் எடை விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் உங்களைப் பயமுறுத்தியிருப்பது அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 4 வயதுப் பெண் குழந்தையின் நடு எடை சுமார் 16 கிலோ. ஆனால் ஏறத்தாழ 12.5 கிலோவிலிருந்து 21 கிலோ வரைக்கும் இயல்பான வரம்புக்குள்தான் வரும். உங்கள் மகள் நன்றாகவே அதற்குள் இருக்கிறாள். தடுப்பூசி அட்டையை எடுத்து, போன வருடம் இதே சமயத்தில் எவ்வளவு இருந்தாள் என்று பாருங்கள். இந்த வயதில் வருடத்துக்கு 2 கிலோ மாதிரி ஏறினால் போதும், ஏறவே இல்லை அல்லது இறங்கியிருக்கிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காட்ட வேண்டியது மருத்துவரிடம், கோச்சிடம் அல்ல.

இந்தக் கோச்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இலவசமாக எடை பார்க்கிறேன் என்று வருவார்கள், பார்த்த எல்லாக் குழந்தைக்கும் ஏதோ ஒரு குறை இருக்கும், அந்தக் குறைக்கு அவர் பையிலேயே ஒரு டப்பா இருக்கும். டப்பாவில் 14 இலக்க எண்ணைக் காட்டி ‘அரசாங்கமே அங்கீகரித்தது’ என்பார்கள். அது கடைக்கும் தொழிற்சாலைக்கும் கொடுக்கிற பதிவு எண், உள்ளே இருப்பது உங்கள் பிள்ளைக்கு நல்லது என்பதற்கான சான்றிதழ் இல்லை, முறுக்குப் பாக்கெட்டிலும் அதே மாதிரி எண் இருக்கிறது. டப்பாவைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரவேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரையோ, மாவுச்சத்திலிருந்து எடுக்கிற மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற பொடியோ வந்தால் கீழே வைத்துவிடுங்கள். 100 கிராமில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பவுடர்கள் சந்தையில் உண்டு. இந்திய உணவுச் சட்டத்தில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே கிடையாது, அதனால் அந்தத் தலைப்பில் விற்காதீர்கள் என்று ஆன்லைன் கடைகளுக்கு அரசு சொன்னதே 2024 ஏப்ரலில்தான். அதுவரை எத்தனை தலைமுறை அதைக் குடித்து வளர்ந்தது! பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே சர்க்கரை, உப்பு அளவைப் பளிச்சென்று போட வைக்கலாம் என்று 2022-ல் ஒரு வரைவு வந்தது. அப்புறம் கருத்துக் கேட்பு, குழு, கூட்டம் என்று இழுத்துக்கொண்டே போகிறார்கள், குழந்தைகள் அதுவரை காத்திருந்தா வளர்வார்கள்?

சரி, சாப்பிடாததற்கு வருவோம். எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வருகிற ‘சாப்பிடவே மாட்டேன்’ குழந்தைகளில் நிறையப் பேர் காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒன்று, தூங்கப் போகும்போது பாட்டிலில் ஒன்று, நடுவே பிஸ்கட் என்று வயிற்றை நிரப்பிக்கொண்டு வருபவர்கள். நாளைக்கு 400, 500 மில்லி பால் போதும். அதற்கு மேல் போனால் இட்லிக்கு இடமிருக்காது.

நிறத்துக்குப் பொடி எதற்கு? ஒரு பீட்ரூட்டை வேகவைத்து அரைத்து, ஆவியில் வைக்கப் போகிற நேரத்தில் ஒரு கரண்டி மாவுக்கு ஒரு ஸ்பூன் கலந்தால் போதும். சோடா மாவு மட்டும் போடாதீர்கள், பட்டால் பீட்ரூட் நிறம் பழுப்படித்துவிடும். சூட்டில் பீட்ரூட் கொஞ்சம் மங்கும், அது இயல்பு. விற்கிற பொடியைக் கலந்து அவித்த பிறகும் இட்லி பளீரென்று ரோஸ் நிறத்தில் மின்னினால்தான் சந்தேகப்பட வேண்டும். இன்னொன்று, பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சில குழந்தைகளுக்குச் சிறுநீரோ மலமோ சிவப்பாகப் போகும், பதறாதீர்கள். நீலம் வேண்டுமென்றால் சங்குப்பூ. ஒரு கைப்பிடி பூவைக் கொதிநீரில் போட்டு, அந்தத் தண்ணீரிலேயே இடியாப்ப மாவைப் பிசையுங்கள். மிச்ச நீல நீரை ஆறவைத்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மகளை எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள், அவள் கண்ணெதிரிலேயே அது ஊதாவாக மாறும். புளிப்பு ஏறினால் அந்தப் பூவின் நிறம் மாறிவிடும், அவ்வளவுதான் விஷயம். அடுத்த தடவை இடியாப்பத்தை அவளே கேட்பாள்.

ஆனால் நிறத்தைவிட வேலை செய்வது கைதான். பிடிகொழுக்கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி, தேங்காய்ப்பூவும் ஏலக்காயும் போட்டுக் கொதிக்கவிட்டு, வறுத்த அரிசி மாவைக் கொட்டிக் கிளறி இறக்குவது உங்கள் வேலை. கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் அவள் உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவி, எலுமிச்சை அளவு உருண்டையை வைத்து, விரலை மூடச் சொல்லுங்கள். விரல் தடம் பதிந்து ஒரு கோணல் கொழுக்கட்டை வரும். அதைத் திருத்தாதீர்கள்! பத்து நிமிடம் ஆவியில் வைத்தபிறகு தட்டில் அவள் தேடுவது அவள் விரல் பதிந்ததைத்தான், அதை எடுத்துத் தின்பாள். புது உணவைத் தொட்டு, மோந்து, வாயில் வைத்துத் துப்பி, பத்துப் பதினைந்து தடவை ஆன பிறகுதான் சில குழந்தைகள் விழுங்கவே ஆரம்பிக்கும். குழிப்பணியாரக் கல்லில் முகம் வைத்த பணியாரம், மினி இட்லி எல்லாம் இதே கதைதான். சீடைக்கு மட்டும் உருட்ட விடுங்கள், பொரிக்கும்போது அடுப்படிப் பக்கமே வரவிடாதீர்கள், உள்ளே காற்றோ ஈரமோ மாட்டியிருந்தால் வெடிக்கும்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு என்பது உங்கள் பொறுப்பு.

இனி பொருட்காட்சி. பட்டினியோடு கூட்டிப் போகாதீர்கள். நாலரைக்குத் தோசையோ தயிர்சாதமோ பாதி வயிறு கொடுத்து, வெளிச்சத்திலேயே போய்விடுங்கள், ‘இன்று ஒரு தின்பண்டம், ஒரு ராட்டினம்’ என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கட்டும். டெல்லி அப்பளம் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், மிளகாய்ப் பொடி தூவாமல் கேளுங்கள். ஒரு நாள் அப்பளத்தால் எந்தக் குழந்தையும் கெட்டுப் போகாது. கண்ணெதிரில் கொதிக்கிற எண்ணெயிலிருந்தோ தோசைக்கல்லிலிருந்தோ நேராக வருவது, அவித்த சோளம், ஆவி பறக்கும் பட்டாணி சுண்டல், இவை ஓரளவுக்கு நம்பக்கூடியவை. வெட்டி அடுக்கிவைத்த பழம், ஜூஸில் போடும் ஐஸ், பானிபூரித் தண்ணீர், வெளியே திறந்து கிடக்கும் சட்னி, இவை வேண்டாம். தண்ணீர் வீட்டிலிருந்தே. எண்ணெய்ப் பலகாரத்தைச் செய்தித்தாளில் மடித்தால் வாங்காதீர்கள், மை பலகாரத்தில் ஏறும். ஒரு எவர்சில்வர் டப்பா கையோடு இருக்கட்டும். ரோஸ் பஞ்சு மிட்டாயில் துணிச் சாயமான ரோடமின்-பி இருந்ததைக் கண்டுபிடித்துத்தான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை போட்டது. தடைக்குப் பிறகும் ரோஸ் நிறம் தெருவில் தென்படுகிறதென்றால் அதைப் போய்ப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். புகை வருகிற பிஸ்கட் விற்றால் கிட்டேயே போகாதீர்கள், அந்தப் புகை திரவ நைட்ரஜன் என்ற கடுங்குளிர்த் திரவத்திலிருந்து வருவது, குழந்தையின் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கிவிடும்.

தம்பி மகனுக்கு இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தாது. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 2 வயதில் அரைக்கும் கடைவாய்ப் பற்கள் முழுதாக வந்திருக்காது, மூச்சுக்குழாயும் குறுகல். முழு வேர்க்கடலை, முந்திரி, பாப்கார்ன், முழுத் திராட்சை, கடின மிட்டாய், கப்பில் வரும் ஜெல்லி, இவை அவனுக்கு விஷம் மாதிரி ஆபத்து. 4, 5 வயது வரை இதே விதிதான், அதனால் உங்கள் மகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ‘அப்படியென்றால் கடலையே கூடாதா?’ என்று கேட்பீர்கள். கூடாது என்று சொல்லவில்லை. கடலையை நைஸாகப் பொடித்துச் சாதத்தில் கலக்கலாம், சட்னியாக அரைக்கலாம், கடலை வெண்ணெயை ரொட்டியில் மெல்லிசாகத் தடவலாம், தாராளமாகக் கொடுங்கள், நல்ல புரதம். கூடாதது முழுசாக இருப்பது. சுண்டலும் அப்படித்தான்: பட்டாணி விரலில் அழுத்தினால் மாவாகிற அளவு வெந்திருந்தால், தோலை உரித்து மசித்துக் கொடுங்கள், வேகாமல் நறுக்கென்று இருந்தால் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள், குறுக்கே வெட்டினால் வட்டமாகவே இருக்கும், அடைக்கும். முக்கியமாக, ஓடிக்கொண்டே, ராட்டினத்தில் சுற்றிக்கொண்டே, சிரிக்கச் சிரிக்க வாயில் எதையும் வைக்காதீர்கள். உட்கார வைத்து ஊட்டுங்கள்.

திரும்பி வந்து வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மருந்துக் கடையில் ஓஆர்எஸ் (உடம்பிலிருந்து போன நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கலவை) என்று கேளுங்கள். ஆனால் கொடுப்பது பொடிப் பாக்கெட்டாக இருக்க வேண்டும், பழச்சாறு படம் போட்ட அட்டைப் பெட்டியாக இருக்கக்கூடாது. அந்த இனிப்பு பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற வார்த்தையே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டதே 2025 அக்டோபரில்தான், அதுவும் ஹைதராபாத்தில் ஒரு குழந்தை மருத்துவர் வருடக்கணக்காகப் போராடிய பிறகு. ‘அதே தான், கலக்கவே வேண்டாம், சுலபம்’ என்று பழைய சரக்கை நீட்டினால் வாங்காதீர்கள். பாக்கெட்டின் மேல் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அந்த அளவு ஆறிய தண்ணீரில் மொத்தப் பொடியையும் கொட்டிக் கலக்குங்கள், பாதிப் பொடியை ஒரு டம்ளரில் கலக்கிக் கொடுத்தால் உப்பு ஏறிவிடும். சின்னக் கரண்டியால் அடிக்கடி கொடுங்கள், கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, சோர்ந்து கண் சொருகுகிறது, மலத்தில் ரத்தம் என்றால் காலை வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.