பழைய மரப் புதிரை வெயிலில் போடலாமா?

வணக்கம் ஐயா. லோரோங் கூலிட் சந்தையில் மர ஜிக்சா ஒன்று வாங்கினேன். நீராவி ரயில் படம். பெட்டியில் 'கேர்ஃபிலி காசில்', 'சாட் வேலி' என்று இருக்கிறது. ஒரே பூஞ்சண வாடை. சில துண்டுகளில் படம் உரிகிறது, எண்ணிப் பார்த்தால் 149தான். வெயிலில் காயவைத்து சூப்பர் குளூ போட்டால் போதுமா?
சுமதி, ஆயர் ஈத்தாம்

அன்புள்ள சுமதி,

இரண்டும் வேண்டாம். காகிதம் ஒட்டிய பக்கமும் வெறும் பலகைப் பக்கமும் ஒரே வேகத்தில் காயாது. மெல்லிய பிளைவுட் அப்பளம்போல் வளைந்துவிடும், சாயமும் வெளிறும். சூப்பர் குளூ காகிதத்தில் ஊறி எண்ணெய்க் கறைபோல் கறுக்கும். பிறகு பிரிக்கவே முடியாது.

மாஸ்க் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான உலர்ந்த தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. பிறகு கேமரா வைக்கும் உலர்பெட்டியில் ஈரப்பதம் 50 விழுக்காட்டில் இரண்டு மூன்று வாரம் இருக்கட்டும். இல்லையென்றால் இறுக மூடும் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு மலிவான ஈரமானி போதும். அவசரப்பட்டு 40க்குக் கீழே இறக்கினால் படம் இன்னும் உரியும்.

உரிந்த இடத்துக்கு, காகிதம் ஒட்டப் பயன்படும் மெத்தில் செல்லுலோஸ் பசை. பல்குச்சி நுனியில் ஒரு பொட்டு எடுத்து உள்ளே தடவி, பேக்கிங் தாள் வைத்து, மேலே கனமான புத்தகம், ஓர் இரவு. மைதாப் பசையும் நன்றாகவே பிடிக்கும். ஆனால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

காணாமல் போன துண்டைப் பற்றி: 'கேர்ஃபிலி காசில்' என்பது படத்திலுள்ள எஞ்சினின் பெயர். பிரிட்டனின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்காக, சாட் வேலி என்ற பொம்மை நிறுவனம் 1924இல் வெளியிட்ட முதல் புதிர் இதுதான். இதற்குச் சொல்லப்படும் 150 துண்டு என்பது தோராயக் கணக்கு. முழுதாக அடுக்கிப் பார்த்தால்தான் குறை தெரியும்.

ஓட்டை இருந்தால், அதன்மேல் டிரேசிங் தாள் வைத்துப் பென்சிலால் தேயுங்கள். விளிம்பு அச்சாக விழும். அதே தடிமனுள்ள பிளைவுட்டில், 2/0 என்ற மெல்லிய அலகு போட்ட நுண்ரம்பத்தால் கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்துங்கள். கோட்டின் மேலேயே அறுத்தால் துண்டு ஆடும். வானமோ புல்லோ என்றால் நிறம் தீட்டினால் போதும். எஞ்சின் சக்கரம் என்றால் இன்னொரு பிரதியின் ஸ்கேன் கிடைக்கும்வரை காத்திருப்பதே மேல்.

பின்புறம் பென்சிலால் 'மாற்றுத் துண்டு' என்றும் ஆண்டும் எழுதிவிடுங்கள். பிற்பாடு விற்க நேர்ந்தால் வாங்குபவர் பார்க்கட்டும்.