மகனின் கூடைப்பந்து எதிர்காலம் குறித்து

வணக்கம் ஐயா. தேவகோட்டையில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும், ஆறடி இரண்டு அங்குல உயரமுள்ள தங்கள் மகன் படிப்பை நிறுத்திவிட்டுத் தொழில்முறை லீக்கையே நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அன்புகூர்ந்து நிறுத்த விடாதீர்கள். ஏழடிக்கு மேல் உயரமுள்ள நம் நாட்டு ஆட்டக்காரர் சத்னம் சிங்கை, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 2015-இல் புதிய ஆட்டக்காரர்களுக்கான தேர்வில் 52-ஆவதாகத் தேர்ந்தெடுத்தும், என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இங்கே இந்தியாவில் அதே ஆண்டு தொடங்கிய யு.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கும் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று.

நம் ஆட்டக்காரர்களை நெடுங்காலம் தாங்கி வருபவை ரயில்வேயும், 1937-இல் காரைக்குடிக் கிளையோடு தொடங்கிய நம் ஊர்ப்பக்கத்து இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் போன்றவற்றின் அணிகளே. அவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்குக் கல்வித்தகுதியும் வேண்டும். பள்ளி அணியில் அவர் கூடைக்கு அடியில் நின்று ஆடுகிறார் என்கிறீர்கள். மேல்மட்டத்தில் அந்த உயரம், கூடைக்குத் தள்ளி நின்று பந்தை நடத்திச் செல்லும் ‘கார்டு’ இடத்திற்கே பொருந்தும் என்பதால், பந்தைத் தட்டிக்கொண்டு நகர்வதையும் தொலைவிலிருந்து எறிவதையும் இப்போதே பழகட்டும்.