கீழ்த்தளத்தில் கத்தி எறிந்து பழகலாமா?

வணக்கம். பத்து, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுடன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பலகை நிறுத்திக் கத்தி எறிந்து பழகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம், தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதே சிங்கப்பூரில் குற்றமாகக்கூடும். பயிற்றுநர் மேற்பார்வையுள்ள கோடாரி எறிதல் கூடங்களில், கத்தி எறிதலும் உண்டா, எந்த வயதிலிருந்து அனுமதிப்பார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.

அப்படியொரு கூடத்தில் பழகும்போது, எறிவதற்கென்றே செய்த எறிகத்திக்கு முனை மட்டும் கூராக இருந்தால் போதும் என்பதால், சமையல் கத்தியை ஒருபோதும் எடுக்காதீர்கள். சுத்தியலைப் பிடிப்பதுபோல் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டாமல் எறிந்தால், ஏறத்தாழ 3 மீட்டர் தொலைவில் கத்தி ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் குத்தும்; குத்திய கத்தியின் கைப்பிடி மேல்நோக்கி நின்றால் சற்று முன்னே வாருங்கள், கீழ்நோக்கினால் பின்னே நகருங்கள். கத்தி தெறித்துத் திரும்பி வரும் என்பதுதான் என் பெரிய கவலை. ஆகவே மூடிய காலணி அணிந்து, பிள்ளைகளை எறிபவருக்குப் பின்னால் நன்கு தள்ளி நிறுத்துங்கள்.