எண்ணெயைக் கூட்டாதீர்கள், திரியை மாற்றுங்கள்

அன்புள்ள அக்கா,

பெரியகல்லாற்றிலிருந்து எழுதுகிறேன். வாசனை மெழுகுதிரி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நானும் சோயா மெழுகு வாங்கிச் செய்துபார்த்தேன். 200 கிராம் மெழுகுக்கு 25 கிராம் மல்லிகை வாசனை எண்ணெய் விட்டேன். கொளுத்தாமல் மணந்தால் நல்ல வாசம். கொளுத்தினால் ஒன்றுமே இல்லை. நடுவில் கிணறு மாதிரிக் குழி விழுந்து, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது. மேலே எண்ணெய் வியர்த்து நிற்கிறது. எண்ணெயை இன்னும் கூட்டவா? முற்றத்து மல்லிகைப் பூவையே காயவைத்துப் போட்டால் என்ன? நத்தாருக்கு விற்கிற எண்ணம் இருக்கிறது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

எண்ணெயைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். மாற்ற வேண்டியது திரியை.

எரிகிற மெழுகுதிரியில் வாசம் சுடரிலிருந்து வருவதில்லை. திரியைச் சுற்றி உருகி நிற்கும் மெழுகிலிருந்துதான் ஆவியாகி வருகிறது. அந்தக் குளம் அகலமாக இருந்தால் அறை மணக்கும். உங்கள் கிளாஸில் குளமே இல்லை, கிணறுதான் இருக்கிறது. திரி மெலிசு, சூடு ஓரம் வரை எட்டவில்லை. அதோடு 200 கிராமுக்கு 25 கிராம் என்பது பன்னிரண்டரை வீதம். சோயா மெழுகு பெரும்பாலும் 6 முதல் 10 வீதம் வரைதான் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிஞ்சினது மேலே வியர்க்கும், திரியையும் அடைக்கும். அடைத்த திரி இன்னும் மங்கலாக எரியும், குளம் இன்னும் சுருங்கும். வாசம் போதவில்லை என்று நீங்கள் விட்ட எண்ணெயே வாசத்தைக் கெடுத்திருக்கிறது. 14 அல்லது 16 கிராம் போதும். கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுங்கள்.

திரியின் அருமையை நான் அம்மாவிடம்தான் கற்றேன். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத நாட்களில் கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டு வந்து, பால் ரின்னில் போட்டு உருக்கி ஊற்றுவார். பருத்தி நூலை மூன்று இழை, ஐந்து இழை என்று முறுக்கி, ஒவ்வொன்றையும் மெழுகில் தோய்த்து நீட்டிக் காயவைப்பார். இழை குறைந்தால் மெழுகு உருகாமல் மிஞ்சும், கூடினால் சுவரெல்லாம் கரி. எந்த ரின்னுக்கு எத்தனை இழை என்பது அவருக்கு மனப்பாடம்.

நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரே அளவான மூன்று கிளாஸ், ஒரே மெழுகு, ஒரே அளவு எண்ணெய், மூன்று விதமான திரி. 7 சென்ரிமீற்றர் அகலக் கிளாஸ் என்றால் முதல் தரம் மூன்று மணித்தியாலம் அணைக்காமல் எரிய விடுங்கள். குளம் ஓரத்தைத் தொட்டு, அரை முதல் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நின்றால் அதுதான் உங்கள் திரி. தொடவில்லையென்றால் ஒரு அளவு தடிப்பானது போடுங்கள். சுடர் துள்ளிக் கரி கக்கினால், திரி நுனியில் காளான் மாதிரிக் கட்டினால் தடிப்புக் கூடிவிட்டது. முதல் தரம் பாதியில் அணைத்தால், அடுத்த தரமும் மெழுகு அநேகமாக அந்த வட்டத்துக்குள்ளேயே உருகும். குழி விழத் தொடங்குவது அங்கேதான்.

மறுகா, காற்றாடிக்குக் கீழே வைத்துச் சோதிக்காதீர்கள். வெக்கையான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காற்றாடி இல்லாமல் இருக்க முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் சுடர் ஒரு பக்கம் சாய்ந்தால் மெழுகும் ஒரு பக்கம்தான் உருகும். யன்னல் திறந்திருந்தால் வந்த வாசத்தையும் கடற்காற்று கொண்டுபோய்விடும். அதே அறையில் இருந்துகொண்டே மணந்து பார்ப்பதிலும் பயனில்லை, மூக்குக்குப் பழகிவிடும். பத்து நிமிடம் முற்றத்தில் நின்றுவிட்டு உள்ளே வாருங்கள்.

வீடியோக்களில் சொல்லும் கணக்கு பெரும்பாலும் குளிர்நாட்டுக் கணக்கு. கிளாஸில் ஊற்றுகிற சோயா மெழுகு 50 பாகை செல்சியசை ஒட்டி உருகும், அதற்கு முன்னமே இளகும். தகரக் கூரைக்குக் கீழே, மத்தியான பஸ்ஸில், அது தாங்காது. நான் பத்தில் ஒரு பங்கு தேன்மெழுகு கலக்கிறேன். அது 62 பாகைக்கு மேல்தான் உருகும் என்பதால் கலவை இறுகி நிற்கும். தேன்மெழுகு சேர்த்தால் திரியை மறுபடி சோதிக்க வேண்டும், பழைய திரி மெலிசாகிவிடும்.

பூ விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து போடாதீர்கள். நான் ஒருமுறை காய்ந்த மல்லிகையை மேலே தூவினேன். இரண்டாம் இரவு ஒரு பூ நகர்ந்து போய்த் திரியோடு ஒட்டிப் பற்றியது. அதிலிருந்து அடுத்தது. நான் குசினியிலிருந்து ஓடி வருவதற்குள் கிளாஸ் வெடித்து, எரிகிற மெழுகு மேசையில் ஓடியது. மகள் அதே மேசையில் படித்துக்கொண்டிருந்தாள். கைக்கு அகப்பட்ட பெரிய சட்டியைக் கவிழ்த்து மூடியதால் அணைந்தது. தண்ணீர் ஊற்றியிருந்தால் மெழுகு நெருப்போடு சிதறியிருக்கும். நீங்கள் மெழுகு உருக்கும்போதும் நேரே அடுப்பில் வைக்காமல், கொதிநீர்ச் சட்டிக்குள் ரின்னை வைத்து உருக்குங்கள். பக்கத்தில் ஒரு மூடி இருக்கட்டும்.

இவ்வளவு ஆபத்துக்கும் அந்தப் பூ மணக்கவும் இல்லை. காய்ந்த மல்லிகையில் வைக்கோல் வாசம்தான் மிச்சம். மல்லிகைக்குக் கொதிநீராவியே ஒத்துக்கொள்ளாது. அதன் சாற்றைக் கரைப்பான் கொண்டு எடுக்கிறார்கள், ஒரு கிலோவுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். கடையில் 'மல்லிகை' என்று கிடைப்பது அநேகமாகச் செயற்கையாகக் கூட்டிச் செய்த வாசனை, மெழுகுதிரிக்கென்று செய்ததாக இருந்தால் அதில் தவறில்லை. நம் நாட்டுப் பொருளே வேண்டுமென்றால் கறுவா இலை எண்ணெயை முயன்று பாருங்கள். அதில் அதிகம் இருப்பது யூஜினோல் என்கிற மணப்பொருள், கராம்பிலும் அதுதான். எனக்கு மல்லிகையைவிட அதுவே பிடிக்கும், மழை நாளில் வீடு முழுக்க நிற்கும்.

விற்பதானால், ஊற்றின பிறகு இரண்டு கிழமை மூடி வையுங்கள். சோயா மெழுகில் வாசம் ஊறிப் பிடிக்க அந்தக் காலம் வேண்டும். டிசம்பர் முதல் கிழமைக்குள் ஊற்றி முடிக்க வேண்டும் என்றால் திரிச் சோதனையை இப்போதே தொடங்குங்கள். சூடு தாங்குகிற தடித்த கிளாஸாகப் பார்த்து வாங்குங்கள். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்கக் கூடாது, அடியில் ஒரு சென்ரிமீற்றர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் தமிழில் ஒட்டிக் கொடுங்கள்.

மூன்று கிளாஸிலும் குளம் எவ்வளவு தூரம் போனது என்று அளந்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா