12 வயதில் தெரபி தொடங்கலாமா?

வணக்கம் அக்கா. என் மகனுக்கு 12 வயது, ஆட்டிசம். இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம், கணவருக்குச் செம்பனை ஆலையில் வேலை. ஒரு வருஷமாகத் தன் கையைத் தானே கடித்துக்கொள்கிறான், சில நேரம் என்னையும். ஈப்போவில் ஒரு மையத்தில் பிஹேவியர் தெரபி (நடத்தையை மாற்றும் பயிற்சி) தொடங்கலாம் என்கிறார்கள். கட்டணத்தைக் கேட்டு மலைத்துப் போனோம். மாமியார் "இந்த வயசுக்கு மேல என்ன வரப்போகுது" என்கிறார். காலம் கடந்துவிட்டதா?
— ஒரு தாய்

அன்புள்ள தங்கைக்கு,

தொடங்குங்கள், காலம் ஒன்றும் கடந்துவிடவில்லை. இந்தத் தெரபியைப் பற்றி 1987-இல் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு பெரிய பெயர் வாங்கியது. அதில் இருந்தவர்கள் நான்கு வயதுகூட நிரம்பாத பிள்ளைகள், வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி. சின்ன வயதை விட்டால் போச்சு என்ற பயம் பரவியதில் அதற்கும் பங்கு உண்டு. அந்தக் கணக்கை உங்கள் மகனுக்குப் போடாதீர்கள். அவனுக்குப் பேச்சு வரலாம், வராமலும் போகலாம். ஆறு மாதத்தில் பேச வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்ட வேண்டாம்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு வருஷமாகத்தான் கடிக்கிறான் என்கிறீர்களே, அது என் மனதை உறுத்துகிறது. சொத்தைப் பல், காது வலி, மலச்சிக்கல், எதுவாக இருந்தாலும் அவனால் வாய் திறந்து சொல்ல முடியாது. பருவம் எட்டும் வயதில் வலிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது, அதையும் கேளுங்கள்.

அப்புறம்தான் தெரபி. வேணும், வேண்டாம், போதும், வலிக்குது: இந்த நான்கையும் சொல்ல அவனுக்கு ஒரு வழி வேண்டும், முதல் வேலை அதுதான். 1985-இல் கார், டியூரண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், உதவி கேட்கவும் கவனத்தை ஈர்க்கவும் வேறு வழியைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் அடிப்பதும் கடிப்பதும் குறைந்ததைக் காட்டினார்கள். பேச முடியாத பிள்ளைக்கு அந்த வழி படமாகவும் இருக்கலாம். படத்தைக் கொடுத்துக் கேட்கப் பழக்கினால் பேச்சே வராமல் போய்விடும் என்று பயப்படாதீர்கள், அப்படி ஆவதில்லை.

வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். அவனுக்கு மைலோ பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். கோப்பையைப் படம் எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். நீங்கள் கோப்பையோடு எதிரே உட்காருங்கள், மாமியார் அவன் பின்னால் இருக்கட்டும். அவன் கோப்பைக்குக் கை நீட்டும்போது மாமியார் ஒன்றும் பேசாமல் அந்தக் கையை அட்டையை எடுக்கவும் உங்களிடம் கொடுக்கவும் மெல்ல வழிகாட்ட வேண்டும். அட்டை உங்கள் கைக்கு வந்த நொடியே "மைலோ" என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். "என்ன வேணும், சொல்லு" என்று கேட்கக் கூடாது, கேட்டால் பிறகு நீங்கள் கேட்கும்வரை காத்திருக்கப் பழகிவிடுவான். பின்னாலிருக்கும் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்க வேண்டும். "போதும்" அட்டையும் ஒன்று வேண்டும், அதைக் கொடுத்தால் வேலையை அப்போதே நிறுத்துங்கள், மதிப்பு இல்லாவிட்டால் அவன் அதைத் தொடவே மாட்டான்.

ஈப்போ மையத்தில் ஒன்று மட்டும் கேளுங்கள்: "கடிப்பதை நிறுத்துவதற்கு முன்னால், ஏன் கடிக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" கடிக்கு முன் என்ன நடந்தது, கடித்ததும் அவனுக்கு என்ன கிடைத்தது என்று குறித்து வரச் சொன்னால் நம்பலாம். கண்ணைப் பார்க்க வைக்கிறோம், கையாட்டுவதை நிறுத்துகிறோம், சாப்பாட்டை நிறுத்தி வைத்துப் பழக்குகிறோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். இப்படிப் பழக்கப்பட்டு வளர்ந்த ஆட்டிசக்காரர்கள் பலர் அது எவ்வளவு நோகடித்தது என்று இன்று எழுதுகிறார்கள். நாலு வயசுப் பிள்ளையை அலாக்காகத் தூக்கி உட்கார வைத்துவிடலாம், 12 வயசுப் பையனை முடியாது, முடிந்தாலும் செய்யக் கூடாது. அவன் சம்மதம் வேண்டும். குளிப்பது, உடை மாற்றுவது, உடம்பை யார் தொடலாம் யார் தொடக் கூடாது என்பதெல்லாம் இந்த வயதில் வண்ணம் பிரிப்பதைவிட முக்கியம்.

பணத்துக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளுக்கு மலேசிய அரசு கொடுக்கும் ஓகேயூ அட்டை இல்லையென்றால் சமூக நலத்துறையில் உடனே பதியுங்கள். அரசு மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் பெயர் கொடுங்கள். காத்திருக்க நேரிடலாம், ஆனால் வரிசையில் நின்றால்தான் முறை வரும். பக்கத்தில் பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையம் இருக்கிறதா என்றும் சமூக நலத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். மாதம் ஒன்றிரண்டு தடவை ஈப்போ மையத்துக்குப் போய், வீட்டில் எப்படிச் செய்வது என்று நீங்கள் கற்றுக்கொண்டு வந்தால்கூடப் போதும் என்பது என் எண்ணம். மையத்தில் கழியும் ஒரு மணி நேரத்தைவிட உங்களோடு இருக்கும் மிச்ச நேரம்தான் அவனுக்கு அதிகம்.

கடிப்பதைப் பற்றி இன்றிலிருந்தே நோட்டுப் போடுங்கள், டாக்டருக்கும் அது உதவும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.